பல் மருத்துவமனையை நிறுவனத்துக்கு விற்றல் (ஐக்கிய அமெரிக்கச் சட்டம்)

ஐக்கிய அமெரிக்காவில் தனியாகத் தொழில் நடத்திவரும் பல் மருத்துவர் ஒருவர், தமது மருத்துவமனையைப் பல கிளைகளைக் கொண்ட பெருநிறுவனம் ஒன்றுக்கு விற்பதும், அத்தகைய நிறுவனத்தின் கீழ் ஊதியத்துக்குப் பணியாற்றச் சேர்வதும் 1990களுக்குப் பின்னர் பரவலான நடைமுறைகள் ஆகும். இந்நிறுவனங்கள் பல் மருத்துவச் சேவை நிறுவனங்கள் எனப்படுகின்றன. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு டிஎஸ்ஓ எனச் சுருக்கமாகவும் அழைக்கப்படுகின்றன.

இவ்விற்பனை ஏனைய வணிக விற்பனைகளைப் போன்றதன்று. பல் மருத்துவ உரிமம் பெறாத ஒருவர் பல் மருத்துவமனையின் உடைமையாளராக இருப்பதை மிகப் பல மாநிலங்களின் சட்டங்கள் தடை செய்கின்றன. ஆகவே நிறுவனங்கள் மருத்துவத்தை விட்டுவிட்டு, மருத்துவமனையின் வணிகப் பகுதியை மட்டும் ஒப்பந்தங்கள் மூலம் தம்வசம் எடுத்துக்கொள்கின்றன. மருத்துவரின் உரிமமும், அதனுடன் சேர்ந்த பொறுப்பும் விற்பனைக்கு உட்படுவதில்லை. பணமும் நிர்வாக அதிகாரமும் கைமாறிய பின்னரும், சிகிச்சையில் பிழை நேர்ந்தால் மாநிலப் பல் மருத்துவ வாரியத்துக்கு விடை கூற வேண்டியவர் மருத்துவரே. இத்துறையின் சட்டச் சிக்கல்களுள் பெரும்பாலானவை இந்த முரண்பாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

வரலாறு

பல் மருத்துவத்தில் பல கிளைகளைக் கொண்ட அமைப்புகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டன. இவற்றுள் மிகவும் அறியப்பட்டவர் கனடாவில் 1872 இல் பிறந்த எட்கர் ராண்டால்ஃப் பார்க்கர் ஆவார். தெருவில் இசைக்குழுவை வைத்துக் கூட்டம் சேர்த்துப் பல் பிடுங்கிய இவர், வலியின்றிப் பல் எடுப்பதாக விளம்பரம் செய்தார். அதற்குத் தடை எழுந்தபோது, "வலியில்லாத" என்று பொருள்படும் பெயின்லெஸ் என்ற சொல்லையே 1915 இல் தமது சட்டப்படியான பெயராக மாற்றிக்கொண்டார். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இவருக்கு ஏறத்தாழ 30 மருத்துவமனைகள் இருந்தன.

பார்க்கரின் மருத்துவமனைகள் ஒரு நிறுவனத்தின் பெயரில் நடத்தப்பட்டமை குறித்த வழக்கில் 1932 இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனம் கவனிப்பது வணிகத்தை மட்டுமே, சிகிச்சையை மருத்துவர்கள் கவனிக்கின்றனர் என்பது பார்க்கர் தரப்பின் வாதங்களுள் ஒன்று. நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. பல் மருத்துவத்தை வணிகப் பகுதி, மருத்துவப் பகுதி என இரண்டாகப் பிரித்துக் கோடு கிழிப்பது நடைமுறையில் மிகக் கடினம், ஒன்று மற்றொன்றின் எல்லைக்குள் புகுந்துவிடக்கூடும் என்பது அதன் கருத்து. இன்றைய சேவை நிறுவனங்களின் கட்டமைப்பு முழுவதும் இந்தக் கோட்டின் மீதே எழுப்பப்பட்டுள்ளதால், இத்தீர்ப்பு இன்றும் முக்கியத்துவம் பெறுகிறது.

பல் மருத்துவர்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரிகன் மாநிலச் சட்டம் செல்லும் என 1935 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. 1977 இல் நிலைமை மாறியது. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதை முற்றாகத் தடுக்க முடியாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து, பிற உரிமத் தொழில்களிலும் விளம்பரத் தடைகள் தளர்ந்தன. பெரிய அளவில் விளம்பரம் செய்யவும், பல கிளைகளை ஒரே பெயரில் அறிமுகப்படுத்தவும் இது வழிவகுத்தது. பசிபிக் டென்டல் சர்வீசஸ் 1994 இலும், ஹார்ட்லாண்ட் டென்டல் 1997 இலும், ஆஸ்பென் டென்டல் 1998 இலும் தொடங்கப்பட்டன. பின்னர் தனியார் முதலீட்டு நிதியங்களும் இத்துறையில் பெருமளவு முதலீடு செய்தன. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் கணக்கின்படி, இத்தகைய நிறுவனங்களுடன் இணைந்து பணியாற்றும் பல் மருத்துவர்களின் விழுக்காடு 2017 இல் 8.8 ஆக இருந்து 2022 இல் 13 ஆக உயர்ந்தது. புதிதாகப் படித்து வெளிவரும் மருத்துவர்களிடையே இவ்விழுக்காடு கூடுதலாக உள்ளது.

நிறுவனத் தொழில் தடைக் கொள்கை

உரிமம் என்பது கல்வியும் தேர்வும் முடித்த ஒரு மனிதருக்கு வழங்கப்படுவது. நிறுவனம் தேர்வு எழுத இயலாது. அதன் கடமை முதலீட்டாளர்களின் இலாபத்தை நோக்கியது. மருத்துவரின் கடமையோ நோயாளரை நோக்கியது. ஆதலால் மருத்துவ முடிவுகள் நிறுவனத்தின் கைக்குப் போகக்கூடாது என்பதே இக்கொள்கையின் அடிப்படை ஆகும்.

இக்கொள்கை நாடு முழுவதும் ஒரே சட்டமாக இல்லை. பல் மருத்துவத்தை ஒழுங்குபடுத்துவது மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டதால், மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடுகள் உள்ளன. அரிசோனாவில் பல் மருத்துவர் அல்லாதோர் நடத்தும் நிறுவனங்கள் மாநில வாரியத்தில் பதிவு செய்துகொண்டு பல் மருத்துவச் சேவையை வழங்கலாம். நியூ மெக்சிகோவில் மருத்துவர் அல்லாத உடைமையாளருக்கெனத் தனி உரிமம் உள்ளது. கலிபோர்னியா, நியூயார்க், டெக்சாஸ் போன்ற பெரிய மாநிலங்களில் தடை நடைமுறையில் உள்ளது. ஒரு மாநிலத்தில் முறையான ஒப்பந்தம் அண்டை மாநிலத்தில் செல்லாததாக இருக்கக்கூடும்.

இரட்டை அமைப்பு

தடை உள்ள மாநிலங்களில் சேவை நிறுவனங்கள் இரண்டு அமைப்புகளை உருவாக்குகின்றன. முதலாவது, உரிமம் பெற்ற பல் மருத்துவர் ஒருவருக்குச் சொந்தமான மருத்துவ நிறுவனம். மருத்துவர்களைப் பணிக்கு அமர்த்துவதும், சிகிச்சை அளிப்பதும், நோயாளரின் பதிவேடுகளை வைத்திருப்பதும் இதன் பொறுப்பு. இரண்டாவது, முதலீட்டாளர்களுக்குச் சொந்தமான மேலாண்மை நிறுவனம். கருவிகள், கட்டடக் குத்தகை, வரவேற்பாளர் உள்ளிட்ட பணியாளர், கணக்கு, விளம்பரம், காப்புறுதி நிறுவனங்களிடம் பணம் வசூலித்தல் ஆகியவை இதனிடம் இருக்கும்.

இவ்விரண்டையும் இணைப்பது மேலாண்மைச் சேவை ஒப்பந்தம் ஆகும். இது பெரும்பாலும் பல பத்தாண்டுகளுக்கு எழுதப்படுகிறது. மேலாண்மை நிறுவனம் தனது பணிக்குக் கட்டணம் பெறுகிறது. அக்கட்டணம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பது முதன்மையான கேள்வி. மருத்துவக் கட்டணத்தை உரிமம் இல்லாதவருடன் பங்கிட்டுக்கொள்வதைச் சில மாநிலங்கள் தடை செய்கின்றன. நியூயார்க்கில் வருவாயில் இத்தனை விழுக்காடு எனக் கட்டணம் வைப்பதே சிக்கலுக்குரியது. அங்கு சந்தை மதிப்புக்கு ஒத்த நிலையான தொகை பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது.

மருத்துவ நிறுவனத்தின் உடைமையாளராகப் பெயர் காட்டப்படும் மருத்துவர், தம் பங்குகளை மேலாண்மை நிறுவனம் குறிப்பிடும் வேறொரு மருத்துவருக்கு, பெரும்பாலும் பெயரளவுத் தொகைக்கு, மாற்றித்தர வேண்டும் என்று மற்றோர் ஒப்பந்தம் இருப்பது வழக்கம். இதன்படி மேலாண்மை நிறுவனம் தான் விரும்பும் போது உடைமையாளரை மாற்ற முடியும். பெயரளவு உடைமையாளராக இருக்க ஒப்புக்கொள்ளும் மருத்துவர், தாம் ஒருபோதும் நுழைந்திராத கிளைகளில் நடக்கும் தவறுகளுக்கும் வாரியத்தின் முன் விடை கூற நேரிடலாம்.

எது மருத்துவ முடிவு?

சிகிச்சைத் திட்டத்தை வகுப்பது மருத்துவரின் முடிவு என்பதில் ஐயம் எழுவதில்லை. இடைப்பட்ட பகுதியிலேயே கருத்து வேறுபாடு உள்ளது. ஒரு நாளில் எத்தனை நோயாளரைப் பார்ப்பது, ஒரு நோயாளருக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குவது, எந்த ஆய்வகத்தில் பல் உறை செய்விப்பது, சிறப்பு மருத்துவரிடம் யாரை அனுப்புவது, காப்புறுதி நிறுவனத்துக்கு எந்தக் குறியீட்டில் கணக்கு அனுப்புவது ஆகியவை பார்வைக்கு நிர்வாகம் போலத் தோன்றினும் சிகிச்சையின் தரத்தைத் தீர்மானிப்பவை.

கலிபோர்னியாவில் 2025 அக்டோபரில் கையொப்பமாகி, 2026 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த எஸ்பி 351 என்ற சட்டம் இப்பகுதியைத் தெளிவுபடுத்த முயல்கிறது. தனியார் முதலீட்டுக் குழுக்களும் முதலீட்டு நிதியங்களும் மருத்துவர், பல் மருத்துவர் ஆகியோரின் தொழில்முறைத் தீர்மானங்களில் தலையிடுவதை இச்சட்டம் தடுக்கிறது. எந்தச் சோதனை தேவை, யாரிடம் பரிந்துரைப்பது, எத்தனை நோயாளரைப் பார்ப்பது என்பவற்றுடன், பதிவேடுகளின் கட்டுப்பாடும், குறியீடு மற்றும் கணக்கு அனுப்பும் முடிவுகளும் மருத்துவரிடமே இருக்க வேண்டும் என்கிறது.

டெக்சாஸ் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. அங்கு 2015 இல் இயற்றப்பட்ட சட்டப்படி, பல் மருத்துவச் சேவை நிறுவனங்கள் மாநிலச் செயலாளரிடம் ஆண்டுதோறும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

வழக்குகளும் அரசு நடவடிக்கைகளும்

ஓசிஏ வழக்கு: பல் சீரமைப்பு மருத்துவமனைகளுக்கு நிர்வாகச் சேவை அளித்துவந்த ஓசிஏ என்ற லூசியானா நிறுவனம் 2006 இல் நொடிப்புப் பாதுகாப்புக் கோரியது. அதனுடன் ஒப்பந்தம் செய்திருந்த டெக்சாஸ் மருத்துவர்கள் சிலர், அவ்வொப்பந்தங்களே சட்டத்துக்குப் புறம்பானவை என வாதிட்டனர். ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008 இல் இதனை ஏற்றது. உரிமம் இல்லாத நிறுவனம் பல் மருத்துவத் தொழிலை நடத்துவதற்கு ஒப்பாக அவ்வொப்பந்தங்கள் அமைந்துள்ளமையால் அவை டெக்சாஸ் சட்டப்படி செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ள பெயர்களை விட, அதனால் விளையும் உண்மையான கட்டுப்பாட்டையே நீதிமன்றங்கள் நோக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

நியூயார்க் உடன்பாடு: ஆஸ்பென் டென்டல் மேலாண்மை நிறுவனம், தான் சேவை அளிக்கும் மருத்துவமனைகளின் மருத்துவ முடிவுகளில் தலையிட்டதாகவும், இலாபத்தைப் பங்கிட்டுக்கொண்டதாகவும் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்குரைஞர் அலுவலகம் கூறியது. 2015 இல் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி அந்நிறுவனம் 450,000 டாலர் செலுத்தவும் நடைமுறைகளை மாற்றவும் ஒப்புக்கொண்டது.

ஸ்மால் சுமைல்ஸ்: ஏழைக் குழந்தைகளுக்கு மெடிக்கெய்டு எனப்படும் அரசுத் திட்டத்தின் கீழ் சிகிச்சை அளித்துவந்த இம்மருத்துவமனைகளில், தேவையற்ற சிகிச்சைகள் செய்து அரசிடம் பணம் பெறப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. இவற்றை நிர்வகித்த ஃபோர்பா நிறுவனம் 2010 இல் 24 மில்லியன் டாலர் செலுத்த உடன்பட்டது. 2013 இல் அமெரிக்க மேலவை உறுப்பினர்களான சக் கிராஸ்லி, மேக்ஸ் பாக்கஸ் ஆகியோரின் குழுவினர் மெடிக்கெய்டில் நிறுவனப் பல் மருத்துவம் பற்றி அறிக்கை வெளியிட்டனர். அதன்பின் வந்த நிர்வாக நிறுவனம் 2014 இல் நடுவண் அரசின் மருத்துவத் திட்டங்களிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு விலக்கப்பட்டது.

விற்பனை ஒப்பந்தம்

விற்பனை பொதுவாக விருப்பக் கடிதத்துடன் தொடங்குகிறது. விலை பற்றிய பகுதிகள் பெரும்பாலும் கட்டுப்படுத்தாதவை. எனினும், குறிப்பிட்ட காலம் வேறு எவருடனும் பேசக்கூடாது என்ற பகுதியும், இரகசியம் காக்கும் பகுதியும் கட்டுப்படுத்துபவை. ஆகவே இக்கடிதத்தில் கையொப்பமிடும் முன்பே வழக்கறிஞரிடம் காட்டுவது வழக்கமான அறிவுரை ஆகும்.

விலை: வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்கும் முன்னரான ஆண்டு வருவாயை ஓர் எண்ணால் பெருக்கி விலை கணிக்கப்படுகிறது. இவ்வருவாய், உடைமையாளரான மருத்துவருக்கு உரிய ஊதியத்தைக் கழித்த பின்னர் கிடைப்பதாகும். எனவே ஊதியத்தைக் குறைத்துக் காட்டினால் விலை உயரும். ஒரு கற்பனை எடுத்துக்காட்டு இதனை விளக்கும். மருத்துவர் ஒருவர் தம் கையால் ஆண்டுக்கு 900,000 டாலர் பெறுமான சிகிச்சை செய்கிறார் எனக் கொள்வோம். அதில் 30 விழுக்காடு ஊதியம் என்றால் 270,000 டாலர், 25 விழுக்காடு என்றால் 225,000 டாலர். வேறுபாடான 45,000 டாலர் மருத்துவமனையின் வருவாயுடன் சேர்கிறது. பெருக்கும் எண் 6 எனில் விலை 270,000 டாலர் கூடும். ஆனால் விற்ற பின்னர் ஒவ்வோர் ஆண்டும் 45,000 டாலர் ஊதியம் குறையும். வரியைக் கருதாவிடில், ஆறு ஆண்டுகளில் கூடுதல் விலை முழுவதும் கரைந்துவிடும்.

பணம் செலுத்தும் முறை: விலை முழுவதும் ரொக்கமாகக் கிடைப்பது அரிது. ஒரு பகுதி ரொக்கமாகவும், ஒரு பகுதி வாங்கும் நிறுவனத்தின் பங்குகளாகவும், ஒரு பகுதி பிற்காலத்தில் வருவாய் இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் தொகையாகவும் பிரிக்கப்படும். பங்குகளாகப் பெறும் பகுதி, அந்நிறுவனம் மீண்டும் விற்கப்படும் வரை கையில் பணமாக வராது. அப்பங்குகளுக்கு முன்னுரிமை உண்டா, நிறுவனத்தின் கடன் எவ்வளவு, மருத்துவர் பணியை விட்டு நீங்கினால் பங்குகளை என்ன விலைக்குத் திரும்பப் பெறுவர் என்பன எழுத்தில் இருக்க வேண்டியவை. இலக்குடன் இணைந்த தொகையைப் பொறுத்தவரை, விற்ற பின்னர் செலவுகளையும் பணியாளர் எண்ணிக்கையையும் தீர்மானிப்பவர் வாங்கியவரே என்பதால், இலக்கைக் கணக்கிடும் முறை மிக முக்கியமானது.

வரி: நற்பெயருக்காகப் பெறும் தொகை பொதுவாக நீண்டகால மூலதன ஆதாயமாகக் கருதப்பட்டு, நடுவண் வரி உச்ச அளவாக 20 விழுக்காட்டில் விதிக்கப்படுகிறது. போட்டியிடாமல் இருப்பதற்காகப் பெறும் தொகை சாதாரண வருமானமாகி, 37 விழுக்காடு வரை வரிக்கு உட்படலாம். எழுதித்தள்ளிய கருவிகளை விற்பதால் வரும் ஆதாயத்துக்கும் பெரும்பாலும் சாதாரண வரியே. ஆகவே மொத்த விலையைப் போலவே, அது எந்தெந்தத் தலைப்பில் பிரிக்கப்படுகிறது என்பதும் பேரத்துக்குரியது. எழுத்தில் உடன்பட்ட பிரிவினை வரிக் கணக்கில் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

நோயாளர் பதிவேடுகள்: 1996 ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டத்தின் விதிகள், அச்சட்டத்துக்கு உட்பட்ட ஒரு மருத்துவமனை அத்தகைய மற்றொன்றுக்கு விற்கப்படும்போது பதிவேடுகள் மாற்றப்படுவதை அனுமதிக்கின்றன. தடை உள்ள மாநிலங்களில் பதிவேடுகள் மருத்துவ நிறுவனத்துக்குச் செல்ல வேண்டுமேயன்றி மேலாண்மை நிறுவனத்துக்கு அல்ல. பிற்காலத்தில் வழக்கு எழுந்தால் அவற்றைப் பார்வையிடும் உரிமையை விற்பவர் தமக்கு வைத்துக்கொள்வது தேவையானது.

கட்டடம்: கட்டடம் மருத்துவருக்கே சொந்தமானால், அது பெரும்பாலும் விற்கப்படாமல் குத்தகைக்கு விடப்படுகிறது. அவர் குத்தகைதாரராக இருந்தால், முன்பு அளித்த தனிப்பட்ட உத்தரவாதத்திலிருந்து விடுபடுவதை உறுதி செய்ய வேண்டும். இன்றேல் மருத்துவமனை கைமாறிய பின்னரும் வாடகைப் பாக்கிக்கு அவரே பொறுப்பாவார்.

பணி ஒப்பந்தம்

விற்ற மருத்துவர் சில ஆண்டுகள் அங்கேயே பணியாற்ற வேண்டும் என்பது வாங்குவோரின் பொதுவான நிபந்தனை. புதிதாகப் படித்து முடித்தவர்கள் விற்பனை எதுவுமின்றி நேரடியாகப் பணியில் சேர்கின்றனர். இருவருக்கும் பொதுவான சில கூறுகள் வருமாறு.

* ஊதியம் செய்த சிகிச்சையின் மதிப்பைக் கொண்டா, உண்மையில் வசூலான தொகையைக் கொண்டா கணக்கிடப்படுகிறது என்பது. வசூல் செய்வது நிறுவனத்தின் வேலையாதலால், இரண்டாவது முறையில் அதன் குறைபாடு மருத்துவரின் ஊதியத்தைப் பாதிக்கும்.
* ஆய்வகச் செலவும், மறுபடி செய்யும் சிகிச்சையின் செலவும் யாருடையவை என்பது.
* காரணம் கூறாமல் பணிநீக்கம் செய்யும் உரிமை இரு தரப்புக்கும் சமமாக உள்ளதா என்பது.
* பணிநீக்கமானால் விற்பனைத் தொகையின் நிலுவை என்னவாகும் என்பது.
* தொழில்முறைத் தவறுக்கான காப்புறுதி. சில காப்புறுதிகள் அவை நடைமுறையில் உள்ள காலத்தில் பதிவாகும் வழக்குகளுக்கு மட்டுமே பொருந்தும். பணியை விட்ட பின்னர் வரும் வழக்குகளுக்கெனத் தனியே நீட்டிப்புக் காப்புறுதி வாங்க வேண்டும். அதன் செலவை ஏற்பவர் யார் என்பது எழுதப்பட வேண்டும்.

போட்டித் தடை விதி

விற்றவரோ, பணியை விட்டவரோ குறிப்பிட்ட தொலைவுக்குள், குறிப்பிட்ட காலத்துக்குள் தொழில் நடத்தக்கூடாது என்பது போட்டித் தடை விதி ஆகும். பணி ஒப்பந்தத்தில் இடம்பெறும் தடையும், விற்பனை ஒப்பந்தத்தில் இடம்பெறும் தடையும் சட்டத்தின் பார்வையில் வேறானவை. கலிபோர்னியா, வடக்கு டகோட்டா, ஒக்லகோமா ஆகியவற்றிலும், 2023 சூலை 1 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களைப் பொறுத்து மினசோட்டாவிலும், பணியாளர் மீதான தடை பெரும்பாலும் செல்லாது. ஆயினும், வணிகத்தை விற்றவர் மீதான தடைக்கு இந்நான்கு மாநிலங்களிலும் விலக்கு உண்டு. நற்பெயரை விலைக்குக் கொடுத்தவர் அடுத்த தெருவில் கடை விரித்தால் வாங்கியவர் ஏமாற்றப்பட்டவராவார் என்பதே இதன் காரணம். எனவே விற்றுவிட்டு ஊழியராகத் தொடரும் மருத்துவர் இரு வகைத் தடைகளுக்கும் உட்படக்கூடும். இரண்டும் எந்நாளிலிருந்து கணக்கிடப்படுகின்றன என்பதைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

டெக்சாசில் 2025 செப்டம்பர் 1 முதல் செய்யப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் ஒப்பந்தங்களில், பல் மருத்துவர் மீதான தடை ஓராண்டுக்கும் ஐந்து மைல் சுற்றளவுக்கும் மேற்படக்கூடாது. பணம் செலுத்தித் தடையிலிருந்து விடுபடும் வாய்ப்பும் அளிக்கப்பட வேண்டும். அத்தொகை அவரது ஓராண்டு ஊதியத்தை மீறக்கூடாது.

நாடு முழுவதும் பணியாளர் மீதான போட்டித் தடைகளைப் பெரும்பாலும் நீக்கும் விதியொன்றை நடுவண் வணிக ஆணையம் 2024 ஏப்ரலில் வெளியிட்டது. அதே ஆண்டு ஆகத்தில் டெக்சாசிலுள்ள நடுவண் மாவட்ட நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. 2025 செப்டம்பரில் ஆணையம் தன் மேல்முறையீட்டைக் கைவிட்டது. ஆகவே இப்பொருள் மாநிலச் சட்டங்களின் கீழேயே உள்ளது.

மருத்துவரின் பொறுப்பு

மெடிக்கெய்டு போன்ற அரசுத் திட்டங்களில் அனுப்பப்படும் கணக்கு, சிகிச்சை அளித்த மருத்துவரின் எண்ணையும் தாங்கிச் செல்கிறது. கணக்கை எழுதியவர் வேறு ஊரிலுள்ள அலுவலகப் பணியாளராக இருப்பினும், செய்யாத சிகிச்சைக்குப் பணம் கோரப்பட்டால் மருத்துவரும் விசாரணைக்கு உள்ளாகலாம். 1863 இல் முதன்முதலில் இயற்றப்பட்ட பொய்க் கோரிக்கைச் சட்டம், அரசுக்கு ஏற்பட்ட இழப்பின் மும்மடங்கு வரை ஈடு கோர இன்று இடமளிக்கிறது. அரசுத் திட்ட நோயாளரை அனுப்புவதற்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் நடுவண் சட்டப்படி குற்றமாதலால், விற்பனை விலை எதிர்காலப் பரிந்துரைகளுடன் இணைக்கப்படக்கூடாது.

நிறுவனத்தின் இலக்கை எட்டுவதற்காகத் தேவையற்ற பல் உறையைப் பொருத்திய மருத்துவர், மேலதிகாரியின் கட்டளைப்படி செய்தேன் என்று கூறி வாரியத்தின் நடவடிக்கையிலிருந்து தப்ப முடியாது. தம் பெயரில் அனுப்பப்படும் கணக்குகளைப் பார்வையிடும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது இதனால்தான் வலியுறுத்தப்படுகிறது.

ஆதரவும் எதிர்ப்பும்

கல்விக் கடன் சுமையுடன் வெளிவரும் இளம் மருத்துவருக்கு, முதலீடு இன்றி உடனடி ஊதியம் கிடைப்பதையும், கணக்கு, பணியாளர் சிக்கல்கள் ஆகியவற்றிலிருந்து விடுபட்டுச் சிகிச்சையில் மட்டும் கவனம் செலுத்த முடிவதையும் ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். ஓய்வு பெறும் மருத்துவருக்கு, தனி மருத்துவர் ஒருவர் தரக்கூடியதை விடக் கூடுதல் விலை கிடைப்பதும் உண்டு.

வருவாய் இலக்குகள் சிகிச்சைத் தீர்மானத்தைப் பாதிக்கின்றன என்பதும், நிறுவனங்கள் அடிக்கடி கைமாறுவதால் ஒப்பந்தம் செய்தவர் ஒருவர், பின்னர் அதை நடைமுறைப்படுத்துபவர் வேறொருவர் என்ற நிலை ஏற்படுகிறது என்பதும் எதிர்ப்பாளர்களின் வாதமாகும். 1932 இல் கலிபோர்னியா நீதிமன்றம் எழுப்பிய கேள்வி, அதாவது வணிகத்தையும் மருத்துவத்தையும் பிரிக்கும் கோடு எங்கே உள்ளது என்பது, ஒவ்வொரு மாநிலத்திலும் இன்றும் வெவ்வேறு விதமாகவே விடையளிக்கப்பட்டு வருகிறது.

இவற்றையும் பார்க்க

* பல் மருத்துவம்
* ஒப்பந்தச் சட்டம்
* மருத்துவ அறவியல்
* மெடிக்கெய்டு